பேர் சொல்லிக் கூப்பிடாதையும்

சிவ சிவா... நிப்பாட்டும் தம்பி, நிப்பாட்டும். கொடியேறின கோயில் வாசல் இது. இஞ்சை வாயைத் திறந்தால் முதல் வரவேண்டிய பேர் ஒண்டிருக்கு. பிறப்பும் இறப்பும் இல்லாதவன், கேட்டவனுக்கும் கேளாதவனுக்கும் ஒரே மழையைப் பெய்யிறவன், அவனைச் சொல்லிப்போட்டுத்தான் மற்றவையின்ரை பேர். நீர் என்னடாவெண்டால் வந்த காலோடை கடதாசியை விரிச்சு, கச்சேரியிலை ஆள் கூப்பிடுற சேவகன் மாதிரி, ஒருத்தன்ரை பேரை வாசல் அதிர வாசிக்க வெளிக்கிடுறீர்.

பாதிப் பேர்தான் வந்ததோ? பாதியே போதும். மிச்சத்தை இஞ்சை தாரும், நான் கண்ணாலை வாசிக்கிறன். ...ம். ஓம், தெரியும். எனக்கு மேல்வீட்டான். ஒஸ்லோவிலை, குரோருட் பக்கம் நாங்கள் இருக்கிற மாடிக் கட்டடத்திலை, என்ரை தலைக்கு மேலை, இவ்வளவு வருசமும் நடந்து திரிஞ்சவன். படத்தையும் மடிச்சு வையும். கோட்டும் கழுத்துப்பட்டியும் மீசையும், உலகத்தைத் திருத்தப் பிறந்த முழியும். அந்த முகத்தைச் சாமி வாசலிலை விரிச்சுப் பிடிக்காதையும்.

இரும், அந்த வாங்கிலை. சப்பாத்தைக் கழட்டி அங்காலை வையும். ...ஆ, வாங்கோ, வாங்கோ. இஞ்சை ஒண்டு. மோர். எடும் தம்பி, குடியும், வெயிலுக்கை வந்தனீர். இந்த நாட்டிலை வெயில் எண்டு ஒண்டு எறிக்கிறதே திருவிழாக் காலத்திலைதான். ...சரி, போங்கோ, நீங்கள் உள்ளை போங்கோ. அவரோ? அவரோடை கதைக்க வெளிக்கிடாதையும். காப்புக் கட்டினவர். கொடி இறங்குமட்டும் விரதம். தான் மோர் தொடமாட்டார், ஆனால் வாற போற எல்லாருக்கும் வார்த்துக் குடுப்பார். அப்பிடியும் சிலபேர் இருக்கினம். அதை விடும்.

கிளெமென்ற் எண்டுதானே பேர் சொன்னீர்? அப்ப வேதக்காரர். எவடம்? குருநகரோ. சரி, கடல்காத்துப் பட்ட ஆள், மோர் ஒத்துக்கொள்ளும். உமக்கும் தலை நரைச்சுப்போச்சு, இன்னும் பொலிசுக்கு மொழிபெயர்க்கிற வாயாய் இருக்கிறீர். குறை சொல்லேல்லை. ஒருத்தன் சொன்னதை மற்றவனுக்குச் சொல்லுறது தூதன்ரை வேலை, புண்ணியமான வேலை. ஆனால் தூது போறவன் ஆருக்காகப் போறன் எண்டதை ஒருக்கால் தன்னைத்தானே கேட்டுப் பாக்க வேணும். வெளியிலை காருக்கை ரெண்டு பேர் இருக்கினமே, அவை தேர்த் திருவிழா நாளிலை வந்தால் எவ்வளவு பவ்வியமா றோட்டை மறிச்சுத் தருவினம் தெரியுமோ? போன வருசம் ஒருத்தன் தொப்பியைக் கழட்டிப் போட்டு வடமும் பிடிச்சவன். இண்டைக்கு அதே வாசலிலை ஆள் பிடிக்க வந்து நிக்கினம். தேருக்கு ஒரு கை, ஆளுக்கு ஒரு கை.

ஓம், முந்தநாளும் வந்தவை. நோர்ஸ்க், இந்த நாட்டுப் பாசை, கதைப்பீரோ எண்டு கேட்டினம், இல்லை எண்டன். அதுக்குப் பிறகுதான் உம்மைத் தேடி எடுத்திருக்கினம். எங்கடை நாட்டுக்குச் சமாதானம் வாங்கித் தாறம் எண்டு கொழும்புக்கும் வன்னிக்கும் பறந்து திரியிற அரசாங்கம், ஒஸ்லோவிலை ஒரு தமிழ் கதைக்கிற வாயைப் பிடிக்க இவ்வளவு மினக்கெட வேண்டிக் கிடக்கு.

அவனைப் பற்றி என்ன தெரியும் எண்டோ கேக்கிறீர்? எல்லாம் தெரியும். தெரிஞ்சதாலைதான் வெறுப்பு. தெரியாதவனை ஆர் மினக்கெட்டு வெறுக்கிறது?

உடுப்புத் தோய்க்கிற அறையிலைதான் எங்கடை முதல் சண்டை. கட்டடத்துக்குக் கீழை ஒரு பொது அறை, ரெண்டு மிசின். சுவரிலை ஒரு பலகை. அவரவர் வீட்டுப் பூட்டை அவரவர் நேரத்திலை மாட்டி வைக்கிறது, அதுதான் முறை. செவ்வாய் பின்னேரம் என்ரை பூட்டு. திருநீறு பூசி, வேட்டிகளைக் கூடையிலை எடுத்துக்கொண்டு போறன், மிசினுக்கை இவன்ரை சேட்டுகள் சுத்திக்கொண்டு நிக்குது. இதென்ன ஞாயம் எண்டு கேட்டன். மன்னிப்புக் கேட்டானோ? இல்லை. இந்தப் பூட்டு முறையே பிழையாம். முந்தி வந்தவை நல்ல நேரமெல்லாத்தையும் பரம்பரைச் சொத்தாப் பிடிச்சு வச்சிருக்கினமாம். குடியிருக்கிறவை எல்லாரையும் கூட்டி, கை உயர்த்திப் புதுசாப் பங்கிட வேணுமாம். ஈரச் சேட்டைக் கையிலை பிழிஞ்சுகொண்டு சீர்திருத்தம் பேசினவனை நீர் கண்டிருக்கிறீரோ? நான் கண்டனான்.

என்ன பாசையிலையோ? இங்கிலிசிலை. ஓம், எனக்கு இங்கிலிசு வரும். யாழ்ப்பாணத்திலை காணிக் கந்தோரிலை இருந்து தலை நரைச்சவன் நான். காருக்கை இருக்கிறவைக்கும் இங்கிலிசு வரும்தான். ஆனால் அவை அதைக் கேக்கேல்லையே. கேளாத கேள்விக்குப் பதில் சொல்லுறது எனக்குப் பழக்கமில்லை.

ஆள் எகிப்து. கொப்டிக் எண்டு அங்கத்தைப் பழைய வேதக்காரர். உங்கடை சனம் மாதிரி இல்லை, அவையின்ரை வழிபாடு எங்கடைக்குக் கிட்ட. சாம்பிராணி, மணி, மாதக்கணக்கிலை விரதம், ஆருக்கும் விளங்காத பழம் பாசையிலை பாட்டு. நைல் ஆத்தங்கரையிலை ஒரு சின்னப் பட்டினம், தேப்பன் பஞ்சுத் தரகர். பால் பல் விழ முன்னம் வெள்ளை அங்கி போட்டுப் பீடத்தடியிலை நிண்டு பாடினவன். வலக்கை மணிக்கட்டிலை உள்ளுக்கை ஒரு சின்னச் சிலுவை, பச்சை குத்தினது. தாய் அவனை ஒரு மடத்துத் திருவிழாவுக்குக் கொண்டுபோய்க் குத்துவிச்சவவாம். அது நான் கேட்டுக் குத்தினதில்லை, என்னை அழ அழக் குத்தினது எண்டு சொல்லுவான். அதிலையும் முறைப்பாடு! அப்பிடியொரு குலத்திலை, அப்பிடியொரு தாய் வயித்திலை பிறந்தவன் என்ன செய்திருக்க வேணும்? பாடிக்கொண்டு இருந்திருக்க வேணும். இவன் கைரோவுக்குப் போய்ப் பத்திரிகைக்காரனானான்.

பத்திரிகைக்காரன்! நாலு பேர் கூடின இடத்திலை அஞ்சாவதா நிண்டு பிழை எண்ணுறவன். நெய் விளக்கைக் காட்டினால் கரியைப் பாக்கிறவன்.

முதல் அரசாங்கத்திலை பிடிச்சான். அங்கை ஒரு தேவாலயத்தின்ரை உடைஞ்ச கூரையைத் திருத்திறதுக்கும் மேலிடத்துக் கையெழுத்து வேணுமாம். நாங்கள் இந்த நாட்டுக் குடிமக்களோ, வாடகைக்குக் குடியிருக்கிறவையோ எண்டு எழுதினான். நல்லது. சனம் தலையிலை தூக்கி வச்சு ஆடினது, குருமாரும் முதுகிலை தட்டிக் குடுத்தினம். அதோடை நிண்டிருக்கலாமெல்லோ? விடுபேயன், அடுத்த கிழமை அந்தக் குருமாரைப் பற்றியே எழுதுறான். எங்களுக்காக அரசாங்கத்தோடை கதைக்கச் சொல்லி உங்களை ஆர் தெரிவு செய்தது, எங்களுக்கு வாயில்லையோ எண்டு கேட்டான். அடிக்கிற புருசனை விட்டு ஓடி வந்தவளுக்கு விடுதலை குடாத சபை ஆற்றை சபை எண்டு கேட்டான். விளங்காமல் பாடுறதைப் பிள்ளையளுக்கு விளங்கப் பாடினால் வானம் இடிஞ்சு விழுமோ எண்டும் கேட்டான். மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி எண்டு சொல்லுவினம். மத்தளம் தானா எழும்பி நடந்துபோய் ரெண்டு அடிகாரருக்கும் நடுவிலை குந்தினதை நான் இவனிலைதான் கண்டனான்.

பிறகென்ன. நாட்டின்ரை ஒற்றுமையைக் குலைக்கிறான் எண்டு அரசாங்கம் வழக்குப் போட்டுது. கடவுளின்ரை ஒற்றுமையைக் குலைக்கிறான் எண்டு சபை, வழிபாட்டிலை எல்லாருக்கும் குடுக்கிற அப்பத்தை இவனுக்குக் குடாமல் விட்டுது. ரெண்டு பேரும் ஒரே வசனத்தைத்தான் சொல்லியிருக்கினம் பாரும், அதிலை மட்டும் என்ன ஒற்றுமை! கட்டின மனிசியின்ரை செத்தவீட்டுக்கு ஒரு குரு எட்டிப் பாக்கேல்லையாம். பெட்டிக்குப் பக்கத்திலை தானே நிண்டு, சின்னனிலை படிச்ச பாட்டு முழுக்கத் தானே பாடி அனுப்பி வச்சானாம். அந்தப் பாட்டை ஒருநாள் எனக்கும் பாடிக் காட்டினவன், அதே உடுப்புத் தோய்க்கிற அறையிலை, மிசின் இரைச்சலுக்கு மேலாலை. ஒரு சொல் விளங்கேல்லை. குரல்... சரி, குரல் நல்ல குரல்தான். அதுதான் எனக்குக் கூடக் கோவம். அப்பிடி ஒரு குரலை ஆண்டவன் தொண்டையிலை வச்சு அனுப்ப, அதை மூடிப்போட்டுப் பேனையைத் தூக்கினவனை என்ன செய்யலாம்?

விரதம் மட்டும் விடமாட்டான். அதிலையும் ஒரு திமிர். இந்த ஆவணியிலை அவைக்கு மாதாவின்ரை விரதமாம். மச்சம் மாமிசம் மட்டுமில்லை, பால், தயிர், நெய் ஒண்டும் வாயிலை படப்பிடாது. பூசையிலை வச்ச பஞ்சாமிர்தம் குடுத்தன், முகர்ந்து பாத்துப்போட்டு இதிலை நெய் இருக்கெண்டு திருப்பித் தந்தான். எங்களைவிடச் சைவமாம்! சபைதானே உன்னைத் தள்ளி வச்சது, பிறகேன் அவையின்ரை விரதம் பிடிக்கிறாய் எண்டு கேட்டன். எனக்குக் கடவுளோடை சண்டையில்லை, அவற்றை கந்தோரோடைதான் எண்டான்.

என்ன சிரிக்கிறீர்? இதெல்லாம் சிரிப்பான கதை இல்லை.

இஞ்சை வந்து அகதி எண்டு விண்ணப்பம் போட்டான். கிடந்து, இழுபட்டு, கடைசியிலை மறுத்துப்போட்டினம். என்ன காரணம் சொன்னவை தெரியுமோ? அவன்ரை எழுத்துக்காக ஆரும் அவனைத் துன்புறுத்துற அளவுக்கு அந்த எழுத்து முக்கியமில்லையாம். வாசிச்சுப்போட்டு என்ரை வீட்டுக் கதவைத் தட்டினான். முகம் செத்துப்போய்க் கிடக்கு. திரும்பிப் போனால் விமான நிலையத்திலையே கூட்டிக்கொண்டு போவினம், பழைய வழக்கு அப்பிடியே கிடக்கு. அதுக்கு அழுதானோ? இல்லை. முப்பது வருசம் எழுதினதை முக்கியமில்லை எண்டு போட்டாங்கள் எண்டு அதுக்கு நிண்டு கொதிக்கிறான். உயிர் போகப்போகுது, இவனுக்கு எழுத்துக்குப் புள்ளி குறைச்சுப் போட்டதுதான் கவலை. ஆணவ மலம் எண்டு எங்கடை பெரியவை சொல்லி வச்சதை நான் அண்டைக்குத்தான் ஒரு சட்டை போட்டு, என்ரை கதவடியிலை நிக்கக் கண்டனான்.

பக்கத்துத் தேவாலயத்துப் பாதிரியார் தங்கமான மனிசன். உமக்குத் தெரியும்தானே இஞ்சத்தை வழக்கம், தேவாலயத்துக்குள்ளை போய் இருந்தவனைப் பொலிஸ் இழுத்து வெளியிலை எடுக்கிறேல்லை. சட்டத்திலை இல்லை, ஆனால் ஒரு மரியாதை. அவர் தானா வந்து, கீழ் அறையிலை கட்டில் போட்டிருக்கு, வா எண்டு கூப்பிட்டார். இந்த மூதேசி என்ன செய்தான் தெரியுமோ? அவருக்குப் பிரசங்கம் வச்சான். தேவாலயம் சட்டத்துக்கு மேலை இல்லை, குருவின்ரை அங்கிக்குப் பின்னாலை ஒளிக்கிறவன் குடிமகன் இல்லை, இதைத்தான் நான் வாழ்நாள் முழுக்க எழுதினனான், இப்ப என்ரை தோலுக்காக அதை அழிக்கமாட்டன் எண்டு. கிணத்துக்கை விழுந்தவன், கயிறு எறிஞ்சவனைப் பாத்து, கயிறு திரிச்ச முறை பிழை எண்ட மாதிரி. பாவம் அந்தப் பாதிரியார், தேத்தண்ணியும் குடியாமல் எழும்பிப் போட்டார். இவன் உடுப்புப் பெட்டியைக் கட்டி, கதவடியிலை வச்சு, கதிரையைப் போட்டுக் குந்தியிருக்கிறான், பொலிஸ் வரட்டும், மரியாதையாப் போறன் எண்டு.

இப்ப எங்கை எண்டோ? பொறுமன் தம்பி. கதையெண்டால் தலையிலை தொடங்கிக் காலிலை முடிய வேணும். மோரை வச்சுக்கொண்டு இருக்கிறீர், குடியும்.

அவன் இந்தக் கோயிலையும் விட்டு வச்சானோ? போன வருசத் திருவிழாவுக்கு ஒருநாள் கூட்டிக்கொண்டு வந்தனான். முகத்திலை கரி பூசிப்போட்டுத்தான் போனான். உங்கடை நிர்வாக சபையை ஆர் தெரிவு செய்தது, அதிலை ஏன் ஒரு பொம்பிளை இல்லை, சமையல் முழுக்க அவையின்ரை கையிலைதானே எண்டான். புராணம் படிக்கேக்கை பயன், அதுதான் பாட்டின்ரை பொருள், சொல்ல ஆளில்லாமல் வெறும் பாட்டை மட்டும் படிக்கிறியள், அந்தப் பிள்ளையள் தூங்குதுகள், எங்கடை ஊரிலையும் இதே வருத்தம்தான் எண்டான். நான் அப்ப செயலாளர். எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? ஒரு கிழமை அவனோடை கதைக்கேல்லை. பிறகு வந்த பொதுக்கூட்டத்திலை மடப்பள்ளியிலை சமையல் பாக்கிற விமலாதேவியைச் சபைக்குத் தலைவியாக்கினம். அது அவன் சொன்னதாலை இல்லை. அது வேறை. இந்த வருசம் புராணத்துக்குப் பயன் சொல்ல பக்கத்திலை லோறென்ஸ்கூக் எண்ட ஊரிலையிருந்து ஒரு பிள்ளை வருது, தமிழிலை சொல்லி, இஞ்சத்தைப் பிள்ளையளுக்கு நோர்ஸ்க்கிலையும் சொல்லுது. அதுவும் அவன் சொன்னதாலை இல்லை. நான் முந்தியே யோசிச்சனான்.

ஏன் அப்பிடிப் பாக்கிறீர்?

சரி. கேளும். அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தானெல்லோ, அதுக்கு அடுத்தநாள் இஞ்சை கொடியேற்றம். நான் மேலை ஏறிப் போய்ச் சொன்னன், பொலிஸ் வாற நேரத்துக்கு வரட்டும், நீ ஒருக்கால் வந்து கொடியேற்றம் பார், போற வழிக்கு எங்களைப் பற்றியும் நாலு பிழை கண்டுபிடிச்சுக்கொண்டு போ எண்டு. பிழை எண்டதும் எழும்பினான். வந்தான். இஞ்சை சேட்டைக் கழட்டச் சொன்னதுக்கு ஒரு முறைப்பாடு, மேளச் சத்தத்துக்கு ஒரு முறைப்பாடு. குருக்கள் காப்புக் கட்டத் தொடங்கினார். உமக்கு அது தெரியுமோ தெரியாது. மஞ்சள் தேய்ச்ச நூல், வலக்கை மணிக்கட்டிலை. திருவிழாவுக்கு விரதம் பிடிக்கிறவை, கோயில் தொண்டுக்கு நிக்கிறவை கட்டிக்கொள்ளுறது. கட்டினால் கட்டினதுதான். கொடி இறங்கி, காப்பு அவிழ்க்குமட்டும் அந்த ஆள் கோயில் எல்லையைத் தாண்டப்பிடாது. செத்தவீடு எண்டாலும் தாண்டப்பிடாது. ஊரிலை எல்லை எண்டால் நாலு வீதி. இஞ்சை உந்தக் கார் நிப்பாட்டுற இடம்.

நான் அவன்ரை கையைப் பிடிச்சுக் குருக்களிட்டை நீட்டினன். குருக்கள் முழிச்சார். வேத்துச் சமயத்தவனுக்குக் காப்போ எண்டார். வேத்துச் சமயம் எண்டு சாமி சொன்னவரோ, நீங்கள் சொல்லுறியளோ எண்டு நான் கேட்டன். அதைக் கேட்டது நான்தானோ, என்ரை வாய்க்குள்ளை இருந்து அவனோ எண்டு இப்பவும் எனக்கு ஐமிச்சம். குருக்கள் கட்டினார். அந்தப் பச்சைச் சிலுவைக்கு மேலை, ஒட்டினபடி, மஞ்சள் நூல். இதென்ன எண்டு கேட்டான். வந்தவைக்குச் செய்யிற மரியாதை எண்டன். பொய்யோ? மரியாதைதானே.

கட்டி முடியத்தான் மிச்சத்தைச் சொன்னன். குதிச்சான். இது குருமாரின்ரை பழைய தந்திரம், என்ரை தாய் செய்ததைத்தான் நீயும் செய்திருக்கிறாய், கேளாமல் கையிலை அடையாளம் வச்சிருக்கிறாய் எண்டு கத்தினான். ஓம் எண்டன். வெத்திலைத் தட்டிலை கிடந்த கத்திரிக்கோலை எடுத்து அவன்ரை கையிலை குடுத்தன். வெட்டு எண்டன். நீ சுதந்திரமான குடிமகன், நூல்தானே, வெட்டிப்போட்டு உன்ரை கதிரையிலை போய்க் குந்து எண்டன். கத்திரிக்கோலைப் பாத்தான். சாமியைப் பாத்தான். அங்காலை விமலாதேவி, சோத்துக் கிடாரம் பிடிக்க ஒரு ஆம்பிளை இல்லையோ எண்டு கத்தினா. கத்திரிக்கோலை வச்சுப்போட்டு, போய்ப் பிடிச்சான்.

பின்னேரம் வந்து எனக்கு ஒரு நிபந்தனை போட்டான். அவன் நிபந்தனை போடாமல் மூச்சும் விடமாட்டான். நான் ஒளிச்சிருக்கேல்லை, வாக்குக் குடுத்து நிக்கிறன், அது வேறை இது வேறை எண்டான். கதவைப் பூட்டப்பிடாது, பின் அறையிலை வைக்கப்பிடாது, ஆக்களுக்கு நடுவிலைதான் நிப்பன் எண்டான். கடைசியா ஒண்டு சொன்னான். எவனாவது வந்து என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டால், நான் இஞ்சை நிக்கிறன் எண்டு எழும்பி வருவன், என்ரை பேருக்கு நான் பதில் சொல்லாமல் விட்டதில்லை, எகிப்திலை நீதிமன்றத்திலையும் அப்பிடித்தான் நிண்டனான் எண்டான்.

விளங்குதோ தம்பி?

நீர் வந்து கடதாசியை விரிச்சு அந்தப் பேரிலை பாதியைச் சொல்லேக்கை, அவன் மோர்த் தட்டோடை மடப்பள்ளி வாசலாலை வந்துகொண்டிருந்தான். மிச்சப் பாதியும் வந்திருந்தால் தட்டை வச்சுப்போட்டு உமக்கு முன்னாலை வந்து நிண்டிருப்பான். அதுக்காகத்தான் உம்மை வாய் திறக்க விடாமல் இவ்வளவு நேரமும் புலம்பினனான். எனக்கு இவ்வளவு கதைக்கிற பழக்கமில்லை, விமலாதேவியைக் கேட்டுப் பாரும்.

ஓம். அவர்தான். உமக்கு மோர் தந்தவர்தான். மீசையை வழிச்சு, வேட்டி கட்டினால் ஆள் மாறிப்போச்சோ? டம்ளரை நீட்டின கையை நீர் பாக்கேல்லை. மோர் தாறவன்ரை முகத்தை ஆர் பாக்கிறது? உமக்கு மட்டும் சொல்லேல்லை, முந்தநாள் அந்த ரெண்டு பேருக்கும் அவர்தான் குடுத்தவர். நல்லாக் குடிச்சினம்.

இல்லை, எழும்பாதையும். எழும்பினாலும் கடதாசியை மடிச்சு வையும். அவரின்ரை வழக்கறிஞர் ஒரு நோர்வேப் பிள்ளை, கெட்டிக்காரி. கொடி இறங்கின மற்ற நாள் நீதிமன்றத்திலை வழக்கு எடுபடுது. அதுமட்டும் ஆள் இந்த நாட்டிலை நிண்டால் ஒரு வழி இருக்கெண்டு சொன்னவ. இண்டைக்குக் கொண்டு போனால் நாளைக்கு விமானம். இவ்வளவுதான் விசயம். மிச்சமெல்லாம் கதை.

வெளியிலை போய் என்ன சொல்லுவீரோ அது உம்மடை பாடு. பொய் சொல்லும் எண்டு நான் கேக்கமாட்டன், அவரும் விடமாட்டார். அவை கேக்கச் சொன்ன கேள்வி என்ன? கிழவன் ஆளை ஒளிச்சு வச்சிருக்கிறானோ எண்டுதானே? ஒளிச்சு வைக்கேல்லை. அதைச் சொல்லும். கோயிலைப் பற்றிக் கேட்டால், திருவிழா நடக்குது, காப்புக் கட்டினவை எல்லை தாண்டேலாது எண்டு சொல்லும். அதுவும் உண்மை. ஒரு சொல்லும் கூட்டாமல் குறையாமல் சொல்லும், நான் இந்த யன்னலடியிலை இருந்து கேப்பன். ஓம், நோர்ஸ்க்கும் விளங்கும். கதைக்கிறதுதான் வடிவில்லை.

ஊரிலை செல்லடிக்கு ஓடேக்கை உம்மடை கோயிலிலை நாங்களும் படுத்தனாங்கள், எங்கடை கோயிலிலை உங்கடை சனமும் படுத்தது. வாசலிலை நிண்டு ஆரும் பேர் வாசிக்கேல்லை. அதை உமக்குச் சொல்ல வேண்டிய தேவை இல்லை. உம்மடை அம்மா சொல்லியிருப்பா.

அவனிலை எனக்கு இப்பவும் வெறுப்புத்தான், அதிலை மாற்றமில்லை. நேற்றும் சண்டை. கிடாரத்தை அடுப்பிலையிருந்து இறக்கிறதுக்கும் ஒரு முறை வேணுமாம், சுழற்சி முறையாம். வாங்கோ, போங்கோ, மோர் எண்டு மூண்டு தமிழ்ச் சொல்தான் பழகியிருக்கிறான், அதுக்குள்ளை நிர்வாகத்தைத் திருத்த வெளிக்கிட்டுட்டான். காப்பு அவிழ்ந்த மற்ற நிமிசம் அவனுக்கு நான் கணக்குத் தீர்ப்பன்.

ஆனால் காலமைப் பூசையிலை, எல்லாருக்கும் அர்ச்சனை முடிய, குருக்களின்ரை காதுக்குள்ளை ஒரு பேர் சொல்லுறனான். நட்சத்திரம் தெரியாது, கோத்திரம் தெரியாது, சிவகோத்திரம் எண்டு சொல்லச் சொன்னனான். உரத்துச் சொன்னால் அவர் மடப்பள்ளியிலையிருந்து ஓம் எண்டு வந்து நிண்டிடுவார் எண்டு, ஆண்டவனுக்கு மட்டும் கேக்கிற மாதிரி. இப்ப உமக்கும் சொல்லுறன், கிட்ட வாரும், பேர் தெரியாமல் ஒருத்தன்ரை உயிரை நீர் கையிலை கொண்டு போகப்பிடாது. கடதாசியிலை கிடக்கிறது பேரில்லை.

நசீம்.

சரி, எழும்பும். சப்பாத்தைப் போடும். டம்ளரை அங்கை வையும், அவர் வந்து எடுப்பார். போற வழியிலை உமக்கு ஒரு குறையும் வராது. அம்மா நோய் நொடியில்லாமல் இருப்பா. பிள்ளையள் நல்லா வருங்கள். இதைக் கேட்ட காதுக்கும், கேட்டு அடக்கின வாய்க்கும், எந்தப் பேராலை ஆர் கூப்பிட்டாலும் வாறவன் துணை நிப்பான். போட்டு வாரும் தம்பி. மெள்ள, படி பாத்து.